குதிரை கிளிப்பர் பிளேடு வெட்டவில்லையா: கழுவுவதா, சாணை பிடிப்பதா, புதுசு வாங்குவதா?

குதிரை மயிரை வழிக்கும் மிஷினான கிளிப்பரில் பிளேடு வெட்டவில்லை என்றதும் வேலூர்ப் பக்கம் குதிரை வைத்திருப்பவர்களிடம் கேட்டால் மூன்று யோசனைதான் வரும். சாணைக்காரரிடம் கொடு, இல்லையென்றால் சென்னைக்கோ பெங்களூருக்கோ அனுப்பு, அதுவும் வேண்டாமென்றால் தூக்கிப் போட்டுவிட்டு ஆன்லைனில் புதுசு வாங்கு. இந்த மூன்றில் எது நல்லது என்று என்னைக் கேட்டால், முதலில் மூன்றுமே வேண்டாம் என்பேன். நம் ஊரில் “மொக்கை ஆயிடுச்சு” என்று ஓரங்கட்டும் பிளேடுகளில் நிறைய மழுங்கியவையே இல்லை. அழுக்கு அடைத்தோ, எண்ணெய் காய்ந்தோ, திருகு இறுக்கம் சரியில்லாமலோ கிடப்பவை. அவற்றைச் சாணைக்குக் கொடுப்பது நல்ல பிளேடைக் காசு கொடுத்துக் கெடுப்பது.

நாம் கிளிப்பரைப் பயன்படுத்தும் விதமே வேறு. பெட்டியோடு வரும் கையேடு குளிர் நாட்டுக்காரர்களை மனதில் வைத்து எழுதியது. பிரிட்டன் மாதிரி இடங்களில் குளிர்காலத்தில் குதிரைக்கு அடர்த்தியாக மயிர் வளரும், அதோடு வேலை வாங்கினால் வியர்வை காயாமல் குளிர் பிடிக்கும் என்று உடம்பு முழுக்க வழித்துவிடுவார்கள். அங்கே பிளேடு உழைத்துத் தேய்கிறது. இங்கே மே மாதம் நாற்பது டிகிரியைத் தாண்டுகிற ஊரில், மட்டக் குதிரையோ மார்வாரியோ கத்தியவாரியோ, உடம்பு மயிர் ஏற்கெனவே ஒட்டத்தான் இருக்கும். நாம் வழிப்பது காதுக்குப் பின்னால் கடிவாள வார் உட்காரும் இடம், தாடைக்கு அடியில், குளம்புக்கு மேலே தொங்கும் மயிர், காயத்தைச் சுற்றி கால்நடை மருத்துவர் வழிக்கச் சொல்லும் இடம், அப்புறம் வயதாகி மயிர் உதிராமல் நிற்கும் கிழட்டுக் குதிரை. (மூக்கைச் சுற்றி இருக்கும் மீசை மயிரை விட்டுவிடுங்கள். அது குதிரைக்குத் தொட்டு உணரும் உறுப்பு. சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பே 2021லிருந்து அதை வழிக்கக் கூடாது என்று விதி போட்டுவிட்டது.) கல்யாண ஊர்வலத்துக்குப் போகிற குதிரையென்றால் முகூர்த்த மாதங்களில் வேலை கொஞ்சம் கூடும். மற்ற நாளெல்லாம் பிளேடு டப்பாவில்தான். அதனால் இங்கே பிளேடு தேய்ந்து சாவதைவிட, துருவிலும் மண்ணிலும் தப்பான சாணையிலும் சாவதுதான் அதிகம். எந்த வழி நல்லது என்பதை இதை வைத்துத்தான் முடிவு பண்ண வேண்டும்.

பிளேடு எப்படி வெட்டுகிறது என்று ஒரு தடவை புரிந்துகொண்டால் மீதி சுலபம். இரண்டு தட்டு. கீழ்த்தட்டு நகராது, மயிரைச் சீப்பு மாதிரி பிரித்து நிறுத்தும். மேல்தட்டு இடமும் வலமும் ஓடி அதை வெட்டும். கத்தியைப் போல ஓரத்தில் ஒரு கூர் என்று இதில் கிடையாது, கத்தரிக்கோல் மாதிரி இரண்டு தட்டும் ஒன்றோடொன்று உரசும் முகத்தில்தான் வெட்டு இருக்கிறது. அந்த முகமும் முழுத் தட்டை இல்லை, நடுவில் கண்ணுக்குத் தெரியாத அளவு குழிவாகக் கடைந்திருப்பார்கள். அப்போதுதான் பல் நுனியும் பின்பக்கமும் மட்டும் தொட்டு, நடுவில் உரசல் இல்லாமல் ஓடும். நடுவில் ஒரு மணல் துகள் சிக்கினாலும் போதும், தட்டு தூக்கிக்கொள்ளும், பல் நுனிகள் ஒன்றையொன்று தொடாது, மயிர் வெட்டுப்படாமல் மடங்கி உள்ளே போய் இழுக்கும். குதிரை தலையை உதறும். நாம் பிளேடு மொக்கை என்போம்.

இதில் நம் மண்ணுக்கும் பங்கு உண்டு. பாலாற்று மணலில் குவார்ட்ஸ் என்ற கல் துகள் நிறைய. கடினத்தை அளக்கும் பத்துப் படி மோஸ் அளவுகோலில் அது ஏழாம் படி, பதம் போட்ட பிளேடு எஃகையே கீறக்கூடியது. ஆற்றோரம் புரண்டுவிட்டு வந்த குதிரையை அப்படியே நிறுத்தி கிளிப்பர் போட்டால், எந்தக் கம்பெனி பிளேடாக இருந்தாலும் தாங்காது. முதல் நாளே குளிப்பாட்டி, நன்றாகக் காயவிட்டு, மறுநாள் காலையில் ஒரு தடவை பிரஷ் போட்டுவிட்டு வழிப்பதுதான் பிளேடுக்குச் செய்யும் மிகப் பெரிய பராமரிப்பு. ஈரத்தோடு வழிக்காதீர்கள், மயிர் பசை மாதிரி அப்பிக்கொள்ளும். பிளேடுக்கு எந்த எண்ணெய் என்று மணிக்கணக்கில் விசாரிப்பவர்கள் இந்த ஒரு பக்கெட் தண்ணீரைச் செலவழிக்க மாட்டார்கள், அது எனக்குப் புரிவதே இல்லை.

சரி, அழுக்கா மழுங்கலா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பிளேடைக் கழற்றுங்கள். ஸ்விட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, அப்புறம் கழற்றுங்கள். கிளிப்பரில் கழற்றி மாட்டும் சின்ன ரகமாக இருந்தால் மேல்தட்டை ஒரு பக்கமாகப் பாதி வெளியே தள்ள முடியும். முழுசாகப் பிரிக்காதீர்கள், ஸ்பிரிங்கைத் திரும்பக் கோப்பது எரிச்சல் பிடித்த வேலை. பாதி தள்ளியதும் உள்ளே பாருங்கள். எண்ணெயும் பொடுகும் தூசியும் சேர்ந்து சாம்பல் நிறத்தில் ஒரு மாவு, பல் அடிவாரத்தில் கெட்டியாக உட்கார்ந்திருக்கும். அதில் பொடி மயிர் குத்துக்குத்தாக நிற்கும். பழைய டூத் பிரஷால் பல் போகும் திசையிலேயே தள்ளுங்கள், குறுக்கே தேய்த்தால் மயிர் இன்னும் உள்ளே போகும். ஸ்பிரிங்குக்கு அடியிலும் பின்பக்கத் தடத்திலும் ஒட்டியிருப்பதை மூங்கில் குச்சியால் நெம்பி எடுங்கள், ஊசியோ ஆணியோ வேண்டாம். இப்போது மறுபக்கம் தள்ளி அதே வேலை. துடைத்து, எண்ணெய் விட்டு, மாட்டி, ஓடவிட்டுப் பாருங்கள். நிறைய பேருக்குக் கதை இங்கேயே முடிந்துவிடும்.

முடியவில்லையென்றால் அடுத்தது இறுக்கம். பெரிய குதிரைக் கிளிப்பர்களில் தலையில் ஒரு திருகு இருக்கும். வெட்டவில்லை என்றதும் நம் ஆட்கள் செய்யும் முதல் வேலை அதை முடிந்தவரை முறுக்குவது. முறுக்கினால் கொஞ்ச நேரம் வெட்டும், பிளேடு சூடேறும், மோட்டார் முனகும், இரண்டு தட்டும் சேர்ந்து தேயும். முறை அதற்கு நேர்மாறு. கையேட்டில் சொன்ன ஆரம்ப அளவில் வைத்து, இழுக்க ஆரம்பித்தால் கால் சுற்று மட்டும் கூட்டிப் பார்க்க வேண்டும். அப்படிக் கூட்டிக் கூட்டி எல்லைக்கே வந்தும், சுத்தமான பிளேடு, சுத்தமான குதிரை, எண்ணெயும் இருக்கிறது, ஆனால் வழித்த இடத்தில் கோடு கோடாக மயிர் நிற்கிறது என்றால், அப்போது அது மழுங்கிய பிளேடுதான். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் பல் நுனி ஓரம் வெள்ளையாக மின்னும். கூரான ஓரம் வெளிச்சத்தைத் திருப்பாது, மழுங்கிய ஓரம்தான் மின்னும். ஒரு பல் உடைந்திருந்தால் எந்தச் சாணையும் வேண்டாம், அந்தத் தட்டுக்கு விடை கொடுத்துவிடுங்கள். உடைந்த இடைவெளியில் தோல் நுழைந்து கிழியும்.

கழுவுவதற்கு எது என்பதில் ஊரில் ஆளுக்கு ஒரு கட்சி. பழைய ஜட்காக்காரர்கள் வழி மண்ணெண்ணெய். உண்மையில் நன்றாக வேலை செய்யும், கொழுப்பைக் கரைக்கும், மயிரை உதறிவிடும். ஆனால் முன்பு போல ரேஷனில் சுலபமாகக் கிடைப்பதில்லை என்பது ஒன்று, நம் வெயில் இன்னொன்று. மண்ணெண்ணெயின் ஆவி 35, 40 டிகிரி வாக்கிலேயே நெருப்பு பட்டால் பற்றும் நிலைக்கு வந்துவிடும். அக்னி நட்சத்திரத்தில் கொட்டகை நிழலிலேயே அந்தச் சூடு இருக்கும். ஓடுகிற கிளிப்பரின் பல்லைத் திரவத்தில் முக்கிக் கழுவும் பழக்கம் ஒன்று உண்டு, அதற்கென்றே விற்கும் பிளேடு வாஷ் என்றால் அதன் லேபிளைப் படித்துச் செய்யலாம். மண்ணெண்ணெயில் அதைச் செய்யாதீர்கள், மோட்டாரின் கார்பன் பிரஷ் உள்ளே பொறி விட்டுக்கொண்டேதான் இருக்கும். கழற்றிய பிளேடை மட்டும், வெளியே காற்றோட்டமான இடத்தில், தகர டப்பாவில் போட்டு அலசுங்கள். பீடி பிடிப்பவர்கள் தூரம் போகட்டும். பெட்ரோலைப் பற்றிப் பேசவே வேண்டாம், அதன் ஆவி பனி உறையும் குளிரிலேயே பற்றக்கூடியது. டீசல் தீ விஷயத்தில் கொஞ்சம் பரவாயில்லை, ஆனால் பிசுபிசுப்பு போகாது, குதிரைத் தோலில் எரிச்சல் உண்டாக்கும், நாற்றத்துக்கே சில குதிரைகள் கிளிப்பரைப் பார்த்தாலே பின்வாங்கும்.

பிளேடு வாஷ் விலை அதிகம், வேலையும் சுத்தம். தொழிலாகச் செய்பவர்களுக்குக் கட்டுப்படியாகும். வருடத்தில் சில நாள் எடுப்பவர்கள் துரு நீக்க வாங்கிவைக்கும் டபிள்யூடி-40 ஸ்பிரேயை வைத்தே சமாளிக்கலாம். கழுவுவதற்கு அது போதும். அதையே எண்ணெய் என்று நினைத்து விட்டுவிடுவதுதான் தப்பு, அதில் பெரும்பகுதி ஆவியாகப் போகிற கரைப்பான், மிச்சம் நிற்கும் படலம் வேகமாக உரசுகிற பிளேடுக்குப் பத்தாது. ஸ்பிரிட் கொழுப்பை அவ்வளவாகக் கரைக்காது, அதன் இடம் வேறு, பிறகு வருகிறேன்.

தண்ணீரும் சோப்பும் போட்டுக் கழுவுபவர்கள் இருக்கிறார்கள். எந்த ஊரிலும் வேண்டாம் என்பேன், வாணியம்பாடி, ஆம்பூர், பேர்ணாம்பட்டு, ராணிப்பேட்டைப் பக்கம் கண்டிப்பாக வேண்டாம். தோல் தொழிற்சாலைக் கழிவால் அங்கே நிலத்தடி நீர் எவ்வளவு உப்பேறிப் போனது என்பது 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லும் அளவுக்குப் போன விஷயம். அந்த போர் தண்ணீரில் அலசி வைத்த பிளேடை மறுநாள் பார்த்தால் பல்லெல்லாம் செம்மண் நிறத்தில் இருக்கும். குதிரையின் வியர்வையே உப்பு, அதையும் துடைக்காமல் வைத்தால் இதே கதிதான். அதனால் என் வரிசை இது: உலர்ந்த பிரஷ் முதலில், முடிந்தால் அதோடு சரி. பிசுக்கு போகாவிட்டால் ஸ்பிரே. தொழில்காரர் என்றால் பிளேடு வாஷ். மண்ணெண்ணெய் கடைசி.

எண்ணெய் விஷயத்தில் நாம் அதிர்ஷ்டக்காரர்கள். ஆம்பூர், ராணிப்பேட்டை ஷூ கம்பெனிகளுக்காகவே தையல் மிஷின் எண்ணெய் தாராளமாகக் கிடைக்கும், வேலூர் லாங்கு பஜாரிலும் மிஷின் சாமான் விற்கும் கடைகளில் கேட்டால் தருவார்கள். நிறமில்லாத, நீர் மாதிரி ஓடுகிற மினரல் எண்ணெய். கிளிப்பர் எண்ணெய் என்று பேர் போட்டுக் குட்டி பாட்டிலில் விற்பதும் அடிப்படையில் அதே வகைதான். கம்பெனி எண்ணெய் பெட்டியோடு வந்தால் பயன்படுத்துங்கள், தீர்ந்துபோனால் அதற்காக ஆன்லைனில் காத்திருந்து வேலையை நிறுத்தத் தேவையில்லை. தையல் எண்ணெயும் மினரல் எண்ணெய்தானா என்று மட்டும் கேட்டு வாங்குங்கள். மஞ்சளாக, வாசனை ஏற்றிய எண்ணெயெல்லாம் எதற்கு.

தேங்காய் எண்ணெய்தான் நம் வீட்டுப் பிரச்சினை. கையருகே இருக்கிறது, குதிரைத் தோலுக்கும் நல்லது என்று விட்டுவிடுகிறோம். அது சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும், மார்கழிக் காலையில் வேலூரில் குளிர் அதற்கும் கீழே போகும். கோடையில் வேறு கதை, நாளாக ஆகக் கெட்டு, தூசியோடு சேர்ந்து பிசுபிசுக்கும். பல்லுக்கு நடுவில் பழுப்பு நிறத்தில் நகத்தால் சுரண்டினாலும் வராத வார்னிஷ் மாதிரி ஒன்று ஒட்டியிருந்தால் அது பெரும்பாலும் சமையலறையிலிருந்து வந்ததுதான். நல்லெண்ணெய், கடலை எண்ணெய், எல்லாமே இதே ரகம். வண்டிக்கு ஊற்றும் இன்ஜின் எண்ணெய் கெட்டி, மயிரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அதிலுள்ள ரசாயனம் குதிரைத் தோலுக்கு ஆகாது. பழைய இன்ஜின் எண்ணெயைத் தொடவே தொடாதீர்கள், அதில் உலோகத் தூளே மிதக்கும்.

எவ்வளவு, எப்போது என்பது எண்ணெயின் பெயரைவிட முக்கியம். ஓடும்போது ஐந்து, பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை நிறுத்தி, பல் நுனி வரிசையில் சில துளி, மேல்தட்டு ஓடும் இரண்டு பக்கத் தடத்திலும் ஒவ்வொரு துளி, பின்பக்கம் ஒரு துளி. கிளிப்பரைக் கீழ்நோக்கிப் பிடித்து ஓடவிட்டு, வழிவதை பனியன் துணியில் துடைத்துவிட்டுத் தொடருங்கள். கிளிப்பரை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு எண்ணெய் விட்டால் மோட்டாருக்குள் இறங்கும். நடுநடுவே பிளேடை உங்கள் மணிக்கட்டின் உட்பக்கம் தொட்டுப் பாருங்கள். உங்களுக்குச் சுட்டால் குதிரைக்கும் சுடும். குளிர்விக்கும் ஸ்பிரே என்று விற்கிறார்களே, அது சூட்டைச் சட்டென்று குறைக்கும், ஆனால் எண்ணெய்க்குப் பதில் ஆகாது. பல பேர் ஸ்பிரே அடித்துக்கொண்டே எண்ணெய் விடாமல் ஓட்டுகிறார்கள், பிளேடு அதனாலேயே சீக்கிரம் போகும். ஸ்பிரே அடித்தால் அதற்குப் பிறகு எண்ணெய் விட்டே ஆக வேண்டும். ஒரு குதிரைக்கு இரண்டு பிளேடு வைத்துக்கொண்டு ஒன்று ஆறும்போது இன்னொன்றை ஓட்டுவது எந்த ஸ்பிரேயையும்விட மலிவு, வெயில் ஏறுவதற்கு முன்பே வேலையை முடிப்பது அதையும்விட மலிவு.

இப்போது சாணை. மேலே சொன்ன சோதனையெல்லாம் முடிந்து நிஜமாகவே மழுங்கியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தெருவில் சைக்கிளில் சக்கரம் வைத்துக்கொண்டு வருகிறவரிடம் கொடுக்கலாமா? அரிவாள், கத்தி, கத்தரி என்றால் அவர் கைக்கு ஈடு இல்லை. இது அவர் வேலை இல்லை. அந்தச் சக்கரம் பல்லின் ஓரத்தைத் தேய்க்கும், பொறி பறக்கும், பார்க்கக் கூராக இருக்கும். ஆனால் தேவைப்படுவது ஓரம் அல்ல, முகம். ஓரத்தைத் தேய்த்தால் பற்களின் அகலம் ஒன்றுக்கொன்று மாறும், முகத்தில் இருந்த குழிவு கெடும், சூட்டில் எஃகின் பதம் போகும். சக்கரத்திலிருந்து வந்த பிளேடில் நீல நிறம் ஓடியிருந்தால் அந்த இடம் 300 டிகிரி வாக்கில் சூடேறியிருக்கிறது என்று அர்த்தம், அங்கே இனிமேல் கூர் நிற்காது. “இன்னாண்ணா, இப்பதான் சாணை புடிச்சேன், அதுக்குள்ள இழுக்குது” என்று குடியாத்தம் பக்கம் ஊர்வலக் குதிரை வைத்திருக்கும் பாய் ஒருவர் பிளேடைக் காட்டியபோது பல் வரிசை முழுக்க அந்த நீலம்தான்.

சிக்கனக்காரர்கள் வீட்டிலேயே எண்ணெய்க்கல்லிலோ, கண்ணாடி மேல் எமெரி தாள் ஒட்டியோ இரண்டு தட்டையும் தனித்தனியாகத் தேய்ப்பார்கள். தெருச் சாணையைவிட இது எவ்வளவோ மேல், ஏனென்றால் முகத்தைத்தான் தேய்க்கிறீர்கள், சூடும் கிடையாது. ஆனால் தட்டையான கண்ணாடியில் தேய்த்தால் அந்தக் குழிவு மெல்ல மறைந்து தட்டையாகிவிடும். மெல்லிய துரு, லேசான மழுங்கல், அவசரத்துக்கு ஒரு வேலையை முடிக்க வேண்டும் என்றால் சின்ன பிளேடில் செய்து பார்க்கலாம். விலை கொடுத்து வாங்கிய பெரிய குதிரை பிளேடில் நான் செய்ய மாட்டேன்.

சரியான வழி, கிளிப்பர் பிளேடுக்கென்றே சுழலும் தட்டு வைத்திருப்பவரிடம் கொடுப்பது. அந்தத் தட்டின் மேல் அரைக்கும் பொடி தடவி, பிளேடின் முகத்தை அதில் வைத்து, குழிவு மாறாமல் மெல்லிசாக ஒரு படலம் எடுப்பார்கள். வேலூரிலேயே தேடுவதைவிட, நாம் சென்னைக்கும் பெங்களூருக்கும் நடுவில், நெடுஞ்சாலை மேலேயே இருக்கிறோம் என்பதைப் பயன்படுத்திக்கொள்ளலாம். அந்த ஊர்களில் நாய்களுக்கு மயிர் திருத்தும் கடைகள் இருக்கின்றன, அவர்கள் பிளேடுகள் தினமும் தேய்கின்றன, எங்கே கொடுக்கிறார்கள் என்று கேட்டால் சொல்வார்கள். குதிரையேற்றப் பள்ளிகளிலும் கேட்கலாம். கொடுப்பதற்கு முன் ஒரே கேள்வி கேளுங்கள்: முகத்தை அரைப்பீர்களா, பல் ஓரத்தையா? ஓரம் என்றால் பிளேடைத் திரும்பப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிடுங்கள்.

அனுப்பும்போது மேல்தட்டும் கீழ்த்தட்டும் ஜோடியாகவே போக வேண்டும். ஒன்றை மட்டும் கூராக்கினால் இன்னொன்றோடு முகம் சேராது. பல ஜோடி அனுப்பினால் ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கட்டுங்கள், திரும்பி வரும்போது கலந்துவிட்டால் எல்லாமே இழுக்கும். அழுக்கோடு அனுப்பாதீர்கள், எண்ணெய் தடவி, துணி சுற்றி, பல் அடிபடாமல் அட்டையில் வைத்து அனுப்புங்கள். எந்தக் கிளிப்பருக்கானது என்று ஒரு துண்டுச் சீட்டு.

இதற்கும் புதுசுக்கும் எது லாபம் என்பது பிளேடின் ரகத்தைப் பொறுத்தது. பெரிய குதிரைக் கிளிப்பர் பிளேடு, உதாரணமாக ஹைனிகர் ரகத்தில் கீழே 31 பல், மேலே 15 பல் என்று வருவது, கனமான எஃகு. பல தடவை அரைக்கத் தாங்கும், புதுசின் விலையும் அதிகம், அதனால் கூரியர் செலவு சேர்ந்தாலும் அனுப்புவதுதான் கணக்கு. கழற்றி மாட்டும் சின்ன ரகம், ஆண்டிஸ், ஆஸ்டர், வால் கிளிப்பர்களில் வருகிறதே, அதில் எண் கூடக் கூட வெட்டு ஒட்ட வரும். 10 என்றால் வழித்த பிறகு மிஞ்சும் மயிர் ஒன்றரை மில்லிமீட்டர், 30 என்றால் அரை, 40 என்றால் கால் மில்லிமீட்டர். அரைக்கூலி, போக வரக் கூரியர், நடுவில் தொலைந்துபோகும் ஆபத்து எல்லாம் சேர்த்தால், ஒற்றைப் பிளேடை அனுப்புவது வீண். சிலவற்றைச் சேர்த்து வைத்து, ஊரில் நாலு பேரோடு கூட்டுச் சேர்ந்து ஒரே பார்சலாக அனுப்பினால் பலன் உண்டு. இல்லையென்றால் புதுசு.

புதுசு வாங்கும்போது 10 வாங்குங்கள். குதிரையில் முக்கால்வாசி வேலை அதிலேயே முடியும். 40 கால்நடை மருத்துவருக்கு, தையல் போடும் இடத்தில் ஒட்ட வழிக்க. மெல்லிய பல், உடம்பில் ஓட்டினால் சீக்கிரம் போகும், தோலையும் கீறும். மேல்தட்டு செராமிக்கில் வருகிற ரகம் சூடு குறைவாக ஏறும், துருவும் பிடிக்காது, ஆனால் சிமெண்டுத் தரையில் ஒரு தடவை விழுந்தால் பல் தெறித்துவிடும். குதிரை உதறி கிளிப்பர் கையிலிருந்து போகாத லாயம் எங்காவது இருக்கிறதா? எஃகே வாங்குங்கள். பாதி விலைக்கு வரும் போலி பிளேடுகளுக்கு ஒரு அடையாளம், இரண்டு தட்டையும் நகர்த்திப் பார்த்தால் ஒரு இடத்தில் இறுகி இன்னொரு இடத்தில் தளரும். அவற்றை அரைக்கவும் முடியாது.

ஐப்பசி, கார்த்திகை அடைமழை வந்துவிட்டால் மேலே சொன்ன எல்லாவற்றையும்விட வைக்கும் இடம்தான் பெரிய கேள்வி. கிளிப்பரிலேயே மாட்டி லாயத்துச் சுவரில் தொங்கவிடுவது, பிளாஸ்டிக் கவரில் இறுக்கிக் கட்டுவது, எண்ணெய்த் துணியில் சுற்றி டப்பாவில் வைப்பது என்று மூன்று பழக்கம் பார்க்கிறேன். லாயத்தில் ஈரமும், மூத்திரத்திலிருந்து எழும் அமோனியாவும் சேர்ந்திருக்கும், அங்கே எஃகுக்கு வேலையே இல்லை. கவரில் கட்டினால் உள்ளே மாட்டிய ஈரம் வெளியே போகாது. மூன்றாவதுதான் சரி: கழற்றி, சுத்தம் செய்து, முகம் முழுக்க எண்ணெய் தடவி, அதே எண்ணெயில் நனைத்த துணியில் சுற்றி, மூடியுள்ள டப்பாவில், மாத்திரை பாட்டிலில் வரும் சிலிக்கா பையைக் கூடப் போட்டு, வீட்டுக்குள். மழை மாதங்களில் இடையில் ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். வெளிப்பக்கத் துருவைத் தேய்த்து எடுத்துவிடலாம். முகத்தில் புள்ளி புள்ளியாக அரித்துவிட்டால் அரைத்துத்தான் தீர வேண்டும், ஆழமாக அரித்தால் அதுவும் முடியாது.

ஸ்பிரிட்டுக்கு வருகிறேன். மழைக்காலத்தில் குதிரைக்குப் படர்தாமரை வரும், வட்ட வட்டமாக மயிர் கொட்டும். அந்தப் பூஞ்சையின் வித்து பிளேடில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், அடுத்த குதிரைக்கும் போகும், வழிப்பவர் கைக்கும் வரும். ஸ்பிரிட்டில் துடைத்தால் போதும் என்று நம்ப வேண்டாம், பாக்டீரியாவுக்கு அது சரி, பூஞ்சை வித்து அவ்வளவு சுலபத்தில் சாகாது. பிளீச்சிங் கரைசல் வித்தைக் கொல்லும், கூடவே பிளேடையும் அரிக்கும். இங்கேதான் கூர் குறைந்த பழைய பிளேடுக்கு ஒரு வேலை இருக்கிறது. அதற்குச் சிவப்புப் பெயின்ட் ஒரு பொட்டு வைத்து, நோய்க்குதிரைக்கென்று தனியாக ஒதுக்கிவிடுங்கள், பிளீச்சில் போட்டு எடுத்தாலும் மனசு வலிக்காது. பூஞ்சை பிடித்த இடத்தை வழிக்கலாமா என்பதையே முதலில் மருத்துவரைக் கேளுங்கள். வழித்தால் வித்து மயிரோடு பறந்து லாயம் முழுக்கப் பரவும்.

வீட்டில் ஒரு குதிரை, இரண்டு குதிரை வைத்திருப்பவருக்கு என் கணக்கு: சின்ன கிளிப்பர், 10ஆம் எண் பிளேடு இரண்டு, தையல் எண்ணெய், பிரஷ், ஒரு மூடி டப்பா. சாணைக்கு ஒரு பைசா செலவு செய்ய வேண்டாம், போனால் புதுசு. ஊர்வலக் குதிரைகள் வைத்திருப்பவர்களும் சவாரிப் பள்ளி நடத்துபவர்களும் பெரிய கிளிப்பருக்குப் போகலாம், மூன்று ஜோடி வைத்து, ஒன்று ஓட, ஒன்று ஆற, ஒன்று அரைக்கப் போய்வர. பிளேடு வாஷும் அவர்களுக்குத்தான். மட்டக் குதிரைக்குக் காதோரமும் குளம்போரமும் மட்டும் திருத்துகிறவர் கிளிப்பரே வாங்காமல் முனை மழுங்கிய வளைவுக் கத்தரி ஒன்றை வைத்துக்கொள்ளலாம், அதைத் தெருச் சாணைக்காரரே பிரமாதமாகத் தீட்டித் தருவார்.